இறக்கத்தில் நிதானம்

கொலராடோவின் கன்னிசன் பள்ளத்தாக்கில், கிரெஸ்டட் பியூட் என்ற சிற்றூருக்கு வடக்கே, 401 என்று வெறும் எண்ணால் அறியப்படும் ஒரு தடம் இருக்கிறது. வனத்துறைப் பதிவேட்டின் எண்ணே பெயராக நிலைத்துவிட்டது. ஸ்கோஃபீல்ட் கணவாயில் ஏறத்தாழ 10,700 அடி உயரத்தில் தொடங்கும் அது, ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு ஊடாக இன்னும் அறுநூறு அடி ஏறுகிறது. இந்த உயரத்தில் காற்று எவ்வளவு மெலிந்தது என்பதை நுரையீரல் முதல் வளைவிலேயே சொல்லிவிடும். மரங்கள் விலகி முகடு வந்ததும் தொலைவில் மரூன் பெல்ஸ் சிகரங்கள் கருஞ்சிவப்பாகத் தெரியும். அங்கிருந்து இறக்கம். மலையின் விலாவில் குறுக்காக, ஒன்றரை அடி அகலத்தில், கீழே காதிக் கிராமத்துச் சாலை வரைக்கும்.

ஜூலை பிற்பாதியில் இந்தச் சரிவில் பூக்கள் ஹேண்டில்பாருக்கு மேல் வளர்ந்து நிற்கும். ஊதா லூபின், மஞ்சள் ஆஸ்பென் சூரியகாந்தி, கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த, ஆள் உயரம் வளரும் ஒரு வெள்ளைப் பூச்செடி. எதிரே வருகிறவரின் தலைக்கவசம் மட்டும் பூக்களுக்கு மேலாக நகர்ந்து வருவது தெரியும், சைக்கிள் தெரியாது. மலைச் சைக்கிள்காரர்கள் கிரெஸ்டட் பியூட்டுக்கு வருவது பெரும்பாலும் இந்த ஒரு இறக்கத்துக்காகத்தான். ராத்திரி உணவு விடுதியில் உட்கார்ந்தால் அத்தனை மேசையிலும் இதே பேச்சு. எந்த வளைவில் எவ்வளவு வேகம், எந்த இடத்தில் பிரேக்கைத் தொடவே இல்லை, எங்கே பின்சக்கரம் வழுக்கியது.

டென்வரிலிருந்து நாலு மணி நேரம் வண்டி ஓட்டிக் கோடைதோறும் அங்கே போய்வருகிறவன் என்ற முறையில் எனக்கும் அந்தப் பேச்சில் பங்குண்டு. ஆனால் தடம் போடுகிறவர்களோடு பேசிப் பார்த்தால் வேறொரு பாஷை கேட்கிறது. அவர்கள் யோசிப்பதெல்லாம் எதை எங்கே மெதுவாக்குவது என்பதைப் பற்றி. தண்ணீரை, சக்கரத்தை, சில சமயம் மனிதக் கூட்டத்தை. நாம் வேகம் என்று அனுபவிப்பதற்குள் யாரோ நிதானத்தைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

மலைச் சைக்கிளின் கதையை எங்கே தொடங்கினாலும் அது பிரேக்கில்தான் போய் நிற்கும். 1930களிலும் 40களிலும் ஷ்வின் கம்பெனி அமெரிக்கப் பையன்களுக்காகச் செய்த கனத்த சைக்கிள்கள் 1970களில் கலிஃபோர்னியாவின் பழைய சாமான் கடைகளில் சில டாலருக்குக் கிடைத்தன. பருத்த பலூன் டயர், ஒரே கியர். ஹேண்டில்பாரில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே பிடிக்கும். நம் ஊர்ச் சைக்கிள்களில் இந்த ஏற்பாடு பரவவில்லை. குரங்கு பெடல் போட்டுப் பழகிய தலைமுறைக்குப் பின்னோக்கி மிதிப்பது என்றால் சும்மா சுற்றுவதுதான். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில், டமால்பைஸ் மலைக்குப் பக்கத்தில், தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய ஒரு மண்சாலையில் இந்தச் சைக்கிள்களை உருட்டிவிட்டார்கள் சில இளைஞர்கள். சுமார் இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். அடிவாரம் வருவதற்குள் ஹப் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி இறங்க வேண்டுமானால் ஹப்பைக் கழற்றி, பால்ரஸ்களைத் துடைத்து, புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு ஓவராயில். அந்த வேலையின் பெயரே சாலைக்கும் ஒட்டிக்கொண்டது: ரீபேக்.

1976 அக்டோபர் 21 அன்று அங்கே முதல் பந்தயம் நடந்தது. பிற்பாடு அந்த இறக்கத்தில் கேரி ஃபிஷர் வைத்த சாதனை 4 நிமிடம் 22 விநாடி. ஜோ பிரீஸ் அவருக்கு இரண்டே விநாடி பின்னால். இரண்டு பேரும் இன்றைக்கு இந்த விளையாட்டின் பிதாமகர்கள். அவர்களுக்கு வேகத்தில் குறைவே இல்லை. நிற்பதில்தான் சிக்கல். அதனால்தான் மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடியும், இரண்டு பேர் மிதிக்கும் டேண்டம் சைக்கிளின் பிரேக்கும் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து மாட்டினார்கள். 1977இல் பிரீஸ் மலைக்கென்றே ஒரு சைக்கிளைத் தொடக்கத்திலிருந்து தானே செய்தார். நிற்க முடியும் என்ற உறுதி வந்த பிறகுதான் மலைச் சைக்கிள் என்று ஒன்று பிறந்தது என்று சொன்னால் அது பெரிய மிகை ஆகாது.

அதே 1976இல், இவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாமலே, கிரெஸ்டட் பியூட்டில் வேறொரு கூத்து நடந்தது. அது நிலக்கரி ஊர். கொலராடோ எரிபொருள் இரும்புக் கம்பெனியின் பெரிய சுரங்கம் 1952இல் மூடியதும் ஊர் பாதி காலியானது. அறுபதுகளில் பனிச்சறுக்கு வந்தது. அதைத் தொடர்ந்து நீளமுடி இளைஞர்களும். தெருக்கள் மண் தெருக்கள். ஊருக்குள் போய்வரப் பழைய பலூன் டயர் சைக்கிள்தான் எல்லோரிடமும். அந்த வருஷம் மலைக்கு அந்தப்பக்கம் ஆஸ்பெனிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் கும்பல் 12,705 அடி உயரமுள்ள பெர்ல் கணவாயைத் தாண்டி வந்து, இங்குள்ள மதுக்கடை வாசலில் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பெருமை அடித்தது. ஆஸ்பென் பணக்காரர்களின் ஊர். அவர்களைக் கண்டால் இவர்களுக்கு எப்போதும் கொஞ்சம் எரியும். நாங்கள் மோட்டாரே இல்லாமல் உங்கள் ஊருக்கு வருகிறோம் பார் என்று கிளம்பிவிட்டார்கள்.

ஒற்றைக் கியர் சைக்கிள், பின்னால் ஜீப், அதில் பீர் பீப்பாய். வழியில் ஒரு ராத்திரி தங்கல். ஏற்றத்தில் மிதித்ததைவிடத் தள்ளியது அதிகம். ஜீப்பில் ஏறிக்கொண்டவர்களும் உண்டு. ஆனாலும் ஆஸ்பென் போய்ச் சேர்ந்தார்கள். 1978இல் மரின் ஆட்கள் தங்கள் புதுச் சைக்கிள்களோடு கொலராடோவுக்கு வந்து இவர்களோடு சேர்ந்து அதே கணவாயைக் கடந்தார்கள். ஊருக்குள் மலைச் சைக்கிள் சங்கம் 1983இல் அமைந்தது. இந்த வகையில் உலகிலேயே பழைய சங்கம் தங்களுடையது என்பது அவர்களின் உரிமைக்குரல். 1988இல் மலைச் சைக்கிளுக்கான அருங்காட்சியகமும் இங்கேதான் வந்தது. 2014இல் அது மரின் பக்கம் இடம் மாறியதில் ஊருக்குச் சற்று மனத்தாங்கல் உண்டு.

யார் முதலில் என்ற வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. மரின் இளைஞர்கள் இறக்கத்தை விநாடிக் கணக்கில் அளந்தார்கள். கிரெஸ்டட் பியூட்காரர்கள் ஒரு கணவாயைத் தாண்ட இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, அதைக் குறையாகவே நினைக்கவில்லை. இந்த விளையாட்டுக்குள் இன்று வரைக்கும் அந்த இரண்டு குணமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. தடம் போடுகிறவர் நடுவில் நின்று இரண்டையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

அவருக்கு முதல் எதிரி மண். இந்தப் பள்ளத்தாக்கின் அடியில் கிடப்பது மான்கோஸ் ஷேல் என்ற மென்பாறை. எட்டு ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கிடந்த ஒரு கடலின் அடிச்சேறு. ஊருக்குப் பெயர் கொடுத்த மலையே, அந்தச் சேற்றுப் பாறைக்குள் எரிகுழம்பு புகுந்து உறைந்து, சுற்றியிருந்த மென்பாறை அரித்துப் போன பிறகு வெளியே தலைகாட்டியதுதான். காய்ந்திருக்கும்போது இந்த மண்ணில் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும், அத்தனை இறுக்கம். ஈரம் பட்டால் வேறு ஆள். கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் மழைநாளில் சைக்கிள் தள்ளியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மண் டயரோடு அப்பி, ஃபோர்க்குக்குள் அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும், குச்சி தேடிக் குத்தி எடுக்க வேண்டும். இங்கேயும் அதே கதி, இன்னும் ஒரு தொல்லை கூடுதலாக. ஈர மண்ணில் ஒரு சைக்கிள் போட்ட கோடு காய்ந்ததும் கல்லாகிவிடும். அடுத்த மழைத் தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஒரு பருவத்தில் கோடு சாலாகும், சில வருஷத்தில் ஓடையாகும். பிறகு அந்த ஓடைக்குப் பக்கத்தில் ஆட்கள் புதிதாக இன்னொரு தடம் மிதிக்க ஆரம்பிப்பார்கள். அப்புறம் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

அதனால் பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் இந்த ஊரில் வெயில் அடித்தாலும் மேட்டுத் தடங்களுக்குப் போகக்கூடாது. எங்கே காய்ந்திருக்கிறது, எங்கே இல்லை என்பதுதான் அந்த வாரங்களில் சைக்கிள் கடைகளின் முதல் விசாரிப்பு. வெளியூரிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர்கள் முகம் தொங்கித் திரிவதைப் பார்க்கலாம். எனக்கு அவர்கள்மேல் இரக்கம் உண்டு. ஆனால் சேற்றில் இறங்கிவிட்டு, ஒருதடவைதானே என்று சொல்கிறவர்கள்மேல் இல்லை. அந்த ஒருதடவையைச் சரிசெய்ய யாரோ ஒருவர் ஒரு சாயங்காலம் குனிய வேண்டும்.

அப்படிக் குனிகிற சாயங்காலம் ஒன்றில் நானும் போய் நின்றேன். வேலைக்கு வந்தவர்கள் கடைப் பையன்கள், பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள். சம்பளம் கிடையாது, முடிவில் பீர் உண்டு. கையில் கொடுத்தது புலாஸ்கி. ஒரு பக்கம் கோடாரி அலகு, மறுபக்கம் மண் கொத்தும் அலகு. வேரையும் வெட்டலாம், கருவியைத் திருப்பினால் மண்ணையும் கொத்தலாம். எட் புலாஸ்கி என்ற வனக் காவலரின் பெயர் அது. 1910இல் ஐடஹோவில் மூண்ட பெருங்காட்டுத்தீயில் நாற்பது பேருக்கும் மேல் தன்னோடு இழுத்துக்கொண்டு ஒரு பழைய சுரங்கக் குகைக்குள் புகுந்து, பயந்து வெளியே ஓட நினைத்தவர்களைத் துப்பாக்கி காட்டித் தடுத்து, பெரும்பாலோரைப் பிழைக்க வைத்தவர். நிற்கச் சொல்லிக் காப்பாற்றிய மனிதரின் பெயரில் தடம் வெட்டும் கருவி. இப்படிப் பொருத்தங்கள் தாமாக வந்து விழும்போது எழுதுகிறவன் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க மனசில்லை.

எங்கள் குழுவுக்குத் தலைவி எழுபதை நெருங்கும் ஒரு பெண்மணி. புலாஸ்கியை ஓங்குவதற்கு முன்னால் எங்களை ஓர் இறக்கத்தின் நடுவில் நிறுத்தி, தன் குடிநீர் பாட்டிலைத் திறந்து தடத்தில் கொஞ்சம் ஊற்றினார். தண்ணீர் மலைச்சரிவின் பக்கம் வழியவில்லை. தடத்தின் நடுவிலேயே, நாங்கள் சைக்கிளில் வந்த அதே திசையில், எங்கள் காலடிக்கு ஊர்ந்து வந்தது. ஏன் என்று காட்டினார். ஆயிரக்கணக்கான டயர்கள் உருண்டதில் தடத்தின் நடு அமுங்கிப் பள்ளமாகிவிட்டது. ஒதுங்கிய மண் வெளி விளிம்பில் வரப்பு கட்டி நிற்கிறது. ஒரு சாண் உயரம்கூட இல்லை, புல் வேறு முளைத்திருக்கிறது. சைக்கிளில் போகும்போது கண்ணிலேயே படாது. அந்த வரப்பு தண்ணீரைச் சரிவில் இறங்கவிடாமல் தடத்துக்குள்ளேயே சிறைவைத்துவிட்டது. சாயங்காலம் முழுக்க நாங்கள் செய்தது அந்த வரப்பை வெட்டித் தள்ளி, தடத்தின் முதுகை வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்ததுதான். நூறில் ஐந்து பங்கு சாய்வு போதும். முடித்ததும் அவர் திரும்பவும் பாட்டிலைக் கவிழ்த்தார். தண்ணீர் குறுக்கே கடந்து புல்லுக்குள் போனது. ஒருவரும் கைதட்டவில்லை, கொசு கடித்துக்கொண்டிருந்தது.

புதுத் தடம் போடும்போது இந்தக் கணக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். சரிவின் செங்குத்தில் பாதிக்கு மேல் தடம் இறங்கக்கூடாது என்பது ஒரு விதி. மலைப்பக்கம் 20 சதவீதச் சரிவு என்றால் தடம் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடக்காது, தடத்தையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். அப்புறம், இறங்கிக்கொண்டே போகும் தடத்தை நடுநடுவே சில தப்படி தூரத்துக்கு மேலேற்றிவிட வேண்டும். சைக்கிள்காரருக்கு அது வயிற்றில் ஒரு சின்னக் குறுகுறுப்பு. அவர் அதை விளையாட்டுக்குப் போட்டது என்றே நினைத்துக்கொள்வார். தண்ணீருக்கு அது மதில். அங்கே வந்து முட்டி, வெளியே போவதைத் தவிர வேறு வழியில்லை. அதே மேட்டில் சைக்கிளின் வேகமும் பிரேக் பிடிக்காமலே தணிந்துவிடுகிறது. பிரேக் பிடிப்பது குறைந்தால் மண் பெயர்வதும் குறையும். சக்கரமும் தண்ணீரும் இறக்கத்தில் ஒரே பைத்தியம் பிடித்தவை என்பதை அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு நான் மறக்கவில்லை. இரண்டுக்கும் நேரே விழவேண்டும், இரண்டும் விழும்போது மண்ணை எடுத்துக்கொண்டு போகும்.

இதை அறியாதவர்கள் போட்ட பாதைகளும் பள்ளத்தாக்கில் உண்டு. சுரங்கக்காரர்களின் வண்டிப்பாதைகள், மாடு ஓட்டிய தடங்கள். பெர்ல் கணவாய்ப் பாதையே 1880களில் தாதுப்பொருள் ஏற்றிய வண்டிகளுக்காகப் போட்டதுதான். அவர்களுக்கு மலையில் இருப்பதை எவ்வளவு சீக்கிரம் கீழே கொண்டுவருவது என்பதுதான் கணக்கு. அதற்கும் முன்னால் இந்தப் பள்ளத்தாக்கில் கோடைக்கு வேட்டையாட வந்துகொண்டிருந்த யூட் மக்களை 1881இல் படையைக் காட்டி யூட்டா பக்கம் விரட்டினார்கள். அதே 1881இல் கிரெஸ்டட் பியூட்டுக்கு ரயில் வந்தது. மூன்றாவது வருஷம், 1884 ஜனவரியில், ஜோக்கர்வில் சுரங்கத்தில் வாயு வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தார்கள். இன்று நாம் பொழுதுபோக்குக்கு உருளும் பல பாதைகளின் பூர்வீகம் இந்த அவசரம். சரித்திரப் பலகை வைத்த இடத்தில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். மலையைத் தோண்டும் ஆசை ஊரை அண்மைக்காலம் வரை விடவில்லை. ஊருக்கு மேற்கே எம்மன்ஸ் மலையில் மாலிப்டினம் எடுக்க 1977இல் அமாக்ஸ் கம்பெனி திட்டம் போட, ஊரே திரண்டு எதிர்த்தது. கம்பெனிகள் மாறி மாறி வந்தன. நிலப் பரிமாற்றத்தில் வழக்கு முடிந்தது 2024இல்தான். தோண்டாமல் விட்ட மலைதான் இப்போது ஊருக்குச் சோறு போடுகிறது. அந்தச் சோறு எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்: வீட்டு வாடகை ஏறிப்போய், 2021இல் ஊர் மன்றம் அவசரநிலையே அறிவித்தது. தடம் போடுகிற பையன்களில் சிலர் வேனில் படுத்துறங்குகிறார்கள்.

401 இறக்கம் முடிகிற சாலையில் காதிக். வெள்ளி கிடைத்தபோது திடீரென்று பெருகி, கிடைக்காதபோது காலியான ஊர். அந்தக் காலி வீடுகளில்தான் 1928இல் ராக்கி மலை உயிரியல் ஆய்வுக்கூடம் தொடங்கியது. டேவிட் இனூயே என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் 1970களிலிருந்து கோடைதோறும் ஒரே சதுரங்களில் உட்கார்ந்து, எந்தச் செடி என்றைக்குப் பூத்தது, எத்தனை பூ என்று எண்ணி எழுதிவருகிறார்கள். இருபது லட்சம் பூக்களுக்கு மேல் எண்ணிய பிறகு 2014இல் அவர்கள் சொன்னது, முப்பத்தொன்பது ஆண்டுகளில் பூப்பருவம் 35 நாள் நீண்டுவிட்டது என்று. பக்கத்திலேயே தனியாகக் குடியிருக்கும் பில்லி பார், அதே எழுபதுகளிலிருந்து தினமும் எவ்வளவு பனி பெய்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதியவர். முதலில் சும்மா பொழுது போகாமல் எழுதியது, பிறகு ஆராய்ச்சிக்குக் கிடைத்தற்கரிய பொக்கிஷமானது. மேலே நாம் நாற்பது நிமிடத்தில் கடந்துவந்த பூக்களைக் கீழே ஒருவர் நாற்பது வருஷத்துக்கும் மேலாக எண்ணிக்கொண்டிருக்கிறார். இதைக் கேட்டு வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு மலையின் அளவு அதன் அடியிலும் மைலிலும் மட்டும் இல்லை, அதில் நாம் செலவழிக்கும் நேரத்திலும் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது அங்கேதான்.

அதை வைத்துத்தான் இந்தப் பள்ளத்தாக்கின் பெரிய சண்டைக்கு வருகிறேன். கிரெஸ்டட் பியூட்டைச் சுற்றிலும் மரூன் பெல்ஸ், ராகெட்ஸ், வெஸ்ட் எல்க் என்று வில்டர்னஸ் காடுகள். 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவற்றுக்குள் மோட்டார் கூடாது; வேறு எந்த இயந்திரப் போக்குவரத்தும் கூடாது. அந்தச் சட்டம் எழுதியபோது மலைச் சைக்கிள் என்று ஒன்று இல்லை. சைக்கிள் இயந்திரமா, மனிதனே மிதிப்பதால் இல்லையா என்று கொஞ்ச காலம் இழுபறியாக இருந்து, 1984இல் வனத்துறை விதி தெளிவாகவே கதவைச் சாத்தியது. எல்லைப் பலகை இருக்கும் இடத்தில் நல்ல தடம் அப்படியே உள்ளே தொடர்வது கண்ணுக்குத் தெரியும். நடக்கிறவர் போகிறார், குதிரைக்காரர் போகிறார். மேய்ச்சல் உரிமை பழையது என்பதால் மாடுகூடப் போகிறது. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாலும் குற்றம்.

சைக்கிள்காரர்களின் மனக்குறை நியாயமானது. ஈர மண்ணில் குதிரைக் குளம்பு செய்கிற சேதத்தை டயர் செய்வதில்லை. மாடு ஓடைக்கரையை என்ன பாடு படுத்துகிறது என்பதை யாரும் போய்ப் பார்க்கலாம். மண்ணின் சேதம்தான் அளவுகோல் என்றால் முதலில் வெளியேற வேண்டியது சைக்கிள் இல்லை. இந்த வாதத்தை வைத்து 2016இல் யூட்டா செனட்டர்கள் இருவர் மசோதாகூடக் கொண்டுவந்தார்கள், அது சட்டமாகவில்லை. வேடிக்கை என்னவென்றால், மலைச் சைக்கிள்காரர்களின் சர்வதேச அமைப்பே அந்த முயற்சிக்குப் பின்னால் நிற்க மறுத்தது. வில்டர்னஸ் சட்டத்தை ஒருமுறை திறந்துவிட்டால் யார் யார் உள்ளே நுழைவார்கள் என்ற பயம்.

என் கட்சி வேறு. சைக்கிளை எல்லையில் நிறுத்துவது சரி என்றே நினைக்கிறேன். காரணம் மண் இல்லை. ஒரு நடையாளி மூட்டை சுமந்து, இரண்டு ராத்திரி தங்கிக் கடக்கும் பள்ளத்தாக்கை நான் சைக்கிளில் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவேன். முடித்ததும் அது என் மனசில் சின்ன இடமாகிவிடும். பத்துப் பேர் அப்படி முடித்தால் அந்த நடையாளிக்கும் அது சின்ன இடம்தான். ஒவ்வொரு வளைவிலும் காது கொடுத்து ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். பெருங்காடு என்பது ஏக்கர் கணக்கில் இருந்தால் போதாது. ஆல்டோ லியோபோல்ட் 1921இலேயே, இரண்டு வாரப் பயணத்தை உள்வாங்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும் என்று வில்டர்னஸுக்கு அளவு சொன்னார். அவர் அளந்தது வாரத்தால். குதிரையும் நடையும் அந்தக் கணக்குக்குள் அடங்கும், சைக்கிள் அடங்காது. இதை அங்குள்ள நண்பர்களிடம் சொன்னால் என்னைக் கிழவன் என்கிறார்கள்.

பள்ளத்தாக்கின் கீழ்முனையில், கன்னிசன் ஊருக்குத் தெற்கே, ஹார்ட்மன் ராக்ஸ் என்ற பாறைக்காட்டில் இதே கேள்வி ஒரு பறவை வடிவத்தில் வருகிறது. கன்னிசன் சேஜ் கோழி. தனி இனம் என்று 2000த்தில்தான் அறிவியல் ஒத்துக்கொண்டது. 2014இல் அழிவு அச்சத்தில் உள்ள இனம் என்று மத்திய அரசு பட்டியலில் சேர்த்தது. மிச்சமிருக்கும் பறவைகளில் பெரும்பங்கு இந்த ஒரு படுகையில்தான். வசந்தத்தில் விடியற்காலையில் சேவல்கள் திறந்த வெளியில் கூடி, மார்பை ஊதி ஆடிப் பெட்டைகளை அழைக்கும். அதற்காக மார்ச் 15 முதல் மே 15 வரை ஹார்ட்மன் ராக்ஸின் ஒரு பகுதியை அடைத்துவைக்கிறார்கள். மேலே பனி உருகாத அந்த இரண்டு மாதத்தில்தான் கீழே மண் காய்ந்து சவாரிக்குப் பதமாக இருக்கும் என்பதால் இது லேசான விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனாலும் இங்கே சண்டை பெரிதாக எழவில்லை. தேதி போட்டு அடைத்த கதவை ஜனங்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். திறக்கும் நாள் தெரிகிறதே.

தேதி இல்லாத சண்டை மின்சைக்கிளுக்கு. வனத்துறைக் கணக்கில் அது மோட்டார் வாகனம். ஆகவே 401 போன்ற தடங்களில் இடமில்லை. இதில் என் கட்சி சுலபமாக ஜெயிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் ஊற்றிக் காட்டிய அந்தப் பெண்மணியோடு பேசும்வரை. அவருக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. சமவெளியில் மின்சைக்கிள்தான் ஓட்டுகிறார். ஏற்றத்துக்கு மட்டும் மோட்டார் துணை கேட்கிறேன், இறக்கத்தில் என் வேகத்தில் மூன்று பங்கு அந்தப் பையன் போகிறான், அவனிடம் மோட்டார் இல்லை என்பதால் அவன் நிதானமானவனா என்று கேட்டார். நீ சொல்கிற நேரக் கணக்குப்படி பார்த்தாலும் மலை எனக்குத்தானே பெரிதாக இருக்கிறது என்றார்.

அவர் வாதத்தில் ஓட்டை இருக்கிறது. மோட்டார் வந்தால் முழங்கால் தேய்ந்தவர்கள் மட்டும் வரமாட்டார்கள். காலையில் ஒருமுறை ஏறுகிறவர்கள் மூன்று முறை ஏறுவார்கள், தடம் மூன்று பங்கு தேயும். இதைச் சொன்னேன். அப்படியானால் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வை, முழங்காலுக்கு வைக்காதே என்றார். தனித்தனியாகத் தடத்தைப் பரிசீலித்து மின்சைக்கிளை அனுமதிக்கலாமா என்று பார்க்க 2022இல் வனத்துறை வழிமுறை வகுத்திருக்கிறது. மத்திய அரசு நிலம் என்பதால் எந்த ஊர்க்காரரும் கருத்து எழுதிப் போடலாம். 401 அந்தப் பரிசீலனைக்கு வந்தால் நான் வேண்டாம் என்று எழுதுவேன். அவர் வேண்டும் என்று எழுதுவார். பாதி நீளத்துக்கு அந்தத் தடத்தில் மண் தள்ளியவர் என்ற முறையில் அவர் கடிதம் முதல் பக்கத்தைத் தாண்டும், என்னுடையது தாண்டாது.